பதின்மூன்றாவது ஸ்பிரிங்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு 'மூணுதரம்' என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது. பொருந்தவில்லை என்று சொன்னவரும் யாருமில்லை. எந்த நட்டை முடுக்கினாலும் மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். லிஃப்ட் கதவை மூன்று தரம் திறந்து மூடுவார். அப்புறம்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்து. இருபத்தாறு வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் இரண்டு மாடிக்கு நடுவில் ஆளை நிறுத்தி வைத்ததில்லை. இதை அவராக எங்கேயும் சொல்ல மாட்டார். மற்றவர்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில் ஓடாத கார் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது, தெருவில் பலருக்கும் அது அவர் வாங்கியதுதானா என்று சந்தேகம். இரண்டு கதவு, தாழ்ந்த மூக்கு, பழைய கார். குளிரில் கொஞ்சம் முனகும், சூடானால் வாயே திறக்காது. மூன்று மெக்கானிக்குகள் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் மட்டும் மனம்விட்டுப் பேசினார்.

"சார், இதுல பிஸ்டனே இல்லியே. நான் எதப் புடிச்சுத் தொங்கறது?"

ரோட்டரி எஞ்சின் என்பது அதுதான். மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவக் கூடு ஒன்று. அதற்குள் மூன்று மூலையுள்ள இரும்புக் கட்டை ஒன்று உருண்டுகொண்டே இருக்கும். அதற்குப் பெயர் ரோட்டர். இந்தக் காரில் கூடு இரண்டு, ரோட்டர் இரண்டு. ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே காற்று கசியாமல் காக்கிற மெல்லிய சீல்கள்தான் எஞ்சினின் உயிர். அவை தேய்ந்துபோனால் மற்ற இரும்பெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை.

"நானே பிரிச்சுப் பாக்கறேன்" என்றார் மனைவியிடம்.

"எங்க வெச்சு?"

"பொண்ணு ரூம்லதான்."

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அந்த அறை சும்மாதான் கிடந்தது. மனைவி கொஞ்சம் யோசித்தாள். "கட்டில மட்டும் விட்டுடுங்க. லீவுக்கு வந்தா அவ எஞ்சின் மேலயா படுப்பா?"

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பத்தொன்பது வருடமாக ஒரே கடை, ஒரே கவுன்ட்டர். எந்த டாக்டரின் கிறுக்கலும் அவளுக்கு அச்சடித்த எழுத்து. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மாத்திரைகளை டாக்டர் மாற்றி எழுதியிருந்தால், போன் போட்டு டாக்டரையே கேட்டுவிடுவாள். மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போது எப்போது சாப்பிட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்வாள். வயதானவர்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

எஞ்சினைப் பிரித்தபோது அவள் கை இல்லாமல் அவருக்கு எதுவும் நடக்கவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த காலி மாத்திரை டப்பாக்களில் சின்னச் சின்னச் சாமான்களைப் பிரித்து வைத்து, எந்த ரோட்டர், எந்தப் பக்கம், எந்த மூலை என்று லேபிள் ஒட்டினது அவள்தான். ரோட்டரைப் புரட்டும்போது அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். "பச்சக் குழந்தைக்குக் கூட இவ்வளவு பவுடர் போட்டதில்ல நீங்க" என்று, அவர் ரோட்டரைத் துடைத்துத் துடைத்து வாசலின் தடவுவதைப் பார்த்துச் சிரிப்பாள். சாயந்திரங்கள் அந்த அறையில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

புதுச் சாமான்கள் பார்சலில் வந்தன. அதில் ரோட்டரின் பக்கவாட்டில் பதிகிற பக்க சீலுக்கு அடியில் வைக்கிற ஸ்பிரிங், ரோட்டருக்கு ஆறாகப் பன்னிரண்டு. விரல் நீளம், நகத்தின் கனம், நெளிநெளியாக ஒரு கம்பித் தகடு. அவ்வளவுதான். அவர் மூன்று தரம் எண்ணினார். பன்னிரண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஸ்பிரிங்குகளை ரோட்டரில் உட்காரவைக்கும் வேலை. அன்று மனைவியின் தங்கையும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். சகலைக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை. அவர் வாய்க்கு அந்த வேலை கிடைத்ததா, அந்த வேலையால் வாய் அப்படி ஆனதா என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் உள்ளே, யார் வந்தது போனது தெரியாமல், ஸ்பிரிங்குகளை டப்பாவிலிருந்து எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி, வாசலின் தடவி, ஒவ்வொன்றாகக் குறடால் எடுத்து ரோட்டரின் பள்ளத்தில் வைத்துக்கொண்டிருந்தார். வாசலின் இருந்தால்தான் ரோட்டரைக் கவிழ்க்கும்போது விழாமல் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங்கை வைத்து, அதன்மேல் சீலை வைத்து, விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். லேசாக அமுங்கி எழும்ப வேண்டும்.

பதினொன்று வைத்தாயிற்று. பன்னிரண்டாவது பள்ளத்துக்கு ஸ்பிரிங் இல்லை.

துணியைத் தூக்கிப் பார்த்தார். மேசைக்கு அடியில் பார்த்தார். மடியில் பார்த்தார். அப்புறம் மேசையில் தன் டீ டம்ளர் இல்லாததைக் கவனித்தார்.

"இங்க யாரு வந்தது?"

"நான்தான். டம்ளர் எடுக்க வந்தேன்" என்றாள் மனைவி ஹாலிலிருந்து.

"மேசையத் தொடச்சியா?"

"டம்ளர் வெச்ச எடத்துல வளையமா இருந்துச்சு. அத மட்டும் தொடச்சேன்."

"துணி எங்க?"

"அலசிப் போட்டுட்டேனே."

அதற்கப்புறம் வீடு அமர்க்களப்பட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயைக் கழற்றினார்கள். குப்பைத்தொட்டியைப் பேப்பரில் கவிழ்த்துக் கிளறினார்கள். நாலு பேரும் முட்டி போட்டுத் தரையைத் தடவினார்கள். சகலைக்கு ஒரு காந்தம் கிடைத்தது.

"ரெண்டு ஊக்கு, ஒரு ஹேர்பின், ஒரு ஊசி" என்று படித்தார் அவர். "சகல, கார் ஓடலேன்னாலும் ஒரு தையல்கடை வெச்சுப் பொழச்சுக்கலாம்."

மனைவி குப்பைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள். "நான் ஸ்பிரிங் எதையும் எடுக்கலங்க. அந்தத் துணிப் பக்கமே போகல."

"எடுத்தேன்னு யாரு சொன்னா? பன்னண்டு இருந்துச்சு. மூணு தரம் எண்ணியிருக்கேன். இப்ப பதினொண்ணு. இந்த ரூமுக்குள்ள வந்தது நீ ஒருத்திதான். எடுத்தது உனக்கு ஞாபகமில்ல, அவ்வளவுதான்."

அதோடு விட்டிருக்கலாம். சகலை காந்தத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வேடிக்கை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மூணுதரத்தின் வாயிலிருந்து இன்னொரு வாக்கியமும் வந்து விழுந்தது.

"உங்கம்மாவும் இப்படித்தான ஆரம்பிச்சாங்க."

மாமியார் கடைசி நாலு வருடம் அவர்கள் வீட்டில்தான் இருந்தார். முதலில் மூக்குக்கண்ணாடி தொலைந்தது. பிறகு செருப்பு ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. கடைசியில் சோறு ஊட்டிய மகளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா, நல்லாப் பாத்துக்கறியே" என்று கேட்டுவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

சகலை சிரித்தார். அவர் சிரித்ததால் தங்கையும் அரை நிமிடம் சிரித்துவிட்டு நிறுத்தினாள். மனைவி சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. குப்பையைப் பேப்பரோடு நாலு பக்கமும் மடித்து, தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

சாயந்திரம் விருந்தாளிகள் போன பிறகு சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவளாகவே சொன்னாள். "ஒருவேள துணியோட போயிருக்குமோ என்னவோ. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். தொட்டேனா இல்லையான்னு எனக்கே இப்ப தெரியல."

"சரி விடு" என்றார் அவர். "ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு. மூணு வாரத்துல வந்துரும். இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப்போடாத."

அப்படிச் சொன்னபோது தனக்குப் பெரிய மனசு என்று அவருக்கே பட்டது. பின்னால் எதை நினைத்தாலும் நினைப்பார், இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் குளித்துக்கொண்டிருந்தால்கூட சொம்பைக் கீழே வைத்துவிடுவார்.

ஸ்பிரிங்குக்காகக் காத்திருந்த மூன்று வாரத்தில் கதை ஊரைச் சுற்றியது. சுற்ற விட்டவர் அவர்தான். கம்பெனியில் சாப்பிடும்போது, "எங்க வீட்டுத் துணி ஸ்பிரிங் சாப்பிடும்" என்று ஆரம்பித்தார். நல்ல வரவேற்பு. பிறகு வேலை நேரத்தில் மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவன் கூட, "மூணுதரம் சார், ஒரு வாஷர காணோம், வீட்ல கேட்டுப் பாருங்க" என்று கத்தினான்.

வீட்டில் சின்னச் சின்ன மஞ்சள் காகிதங்கள் முளைத்தன. அடுப்புக்கு மேலே 'அணைத்தாயா'. வாசல் கதவின் உள்பக்கம் 'சாவி, போன், கண்ணாடி'. தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் மணி எழுதி ஒரு கோடு. அவர் அதைப் பார்த்தார். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டார். லிஃப்ட் கம்பெனியிலும் அப்படித்தான் ஒட்டி வைப்பார்கள்.

ரோட்டரைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டபோது, "வேண்டாங்க, நான் எதையாவது தொட்டுத் தொலைப்பேன்" என்றாள். சரி என்று மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார். ஒருநாள் சாப்பிடும்போது, "இப்ப கவுன்ட்டர்ல நிக்கறதில்ல. உள்ள ஸ்டாக் பாக்கறேன்" என்றாள். "நல்லதாப் போச்சு. நின்னு நின்னு உனக்குக் கால் வீங்குது" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

ஸ்பிரிங் வந்தது. பன்னிரண்டாவது பள்ளம் நிரம்பியது. எஞ்சின் மூடப்பட்டு, காரில் ஏறி, பத்து நிமிடம் தெருவையே மறைக்கிற புகை விட்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாடி வீட்டுக்காரர் கைதட்டினார். மனைவி வாசலில் நின்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் சத்தத்தில் ஒரு நொண்டல் இருந்தது. காற்றழுத்த மீட்டர் வைத்துப் பார்த்தார். ரோட்டருக்கு மூன்று முகம் என்பதால், ஒரு சுற்றுக்கு மூன்று துடிப்பு. முன் ரோட்டர் டப், டப், டப் என்று ஒழுங்காகத் துடித்தது. பின் ரோட்டர் டப், டப் என்று இரண்டு துடித்துவிட்டு மூன்றாவதுக்கு மூச்சு வாங்கியது. ஒரு முகத்தில் காற்று கசிகிறது. எங்கேயோ ஒரு சீல் சரியாக உட்காரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே மாடி வீட்டுக்காரர் துணையோடு எஞ்சினை இறக்கி, அறைக்குக் கொண்டுவந்து, மத்தியானத்துக்குள் பிரித்துவிட்டார். பின் ரோட்டர் உரசுகிற பக்கத் தகட்டில் நிலாக்கீற்று மாதிரி ஒரு புதுக் கீறல். அதற்கு நேராக ஒரு பக்க சீல் விறைத்து நின்றது. குறடால் நெம்பி எடுத்தார். அடியில் ஸ்பிரிங் இருந்தது. துணியால் வாசலினைத் துடைத்தார். கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. நகத்தால் கீறினார்.

ஸ்பிரிங் இரண்டாகப் பிரிந்தது.

ஒன்றின் நெளிவில் இன்னொன்று அச்சாகப் பொருந்தி, நடுவில் வாசலின் ஒட்டி, இரண்டும் ஒன்றாக ஒரே பள்ளத்தில் படுத்திருந்தன. அவர் எல்லா ஸ்பிரிங்கையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். எண்ணினார். பதின்மூன்று. மறுபடி எண்ணினார். மூன்றாவது தரம் எண்ணத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் எண்ணினார்.

கதவைச் சாத்திவிட்டு மகளின் கட்டிலில் உட்கார்ந்தார். அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த சீலை விரலால் அமுக்கியபோது அது அமுங்கவில்லை. விறைப்பாக இருந்தது. விரலுக்கு அது தெரிந்தது. அதே நேரம் ஹாலிலிருந்து சகலை, "சகல, உங்களுக்கு ஒரு பிஸ்கட்டாவது வெக்கட்டுமா, இல்ல நானே முடிச்சுடட்டுமா" என்று குரல் கொடுத்தார். புதுசுதானே, அப்படித்தான் இருக்கும் என்று அடுத்ததுக்குப் போய்விட்டார். அந்த ஒன்றை மட்டும் அவர் ஒரே தரம்தான் அமுக்கினார்.

சமையலறையில் அவள் எதையோ வதக்கும் சத்தம் கேட்டது. இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிட்டால் பத்து எட்டு நடை. அவர் பதின்மூன்றாவது ஸ்பிரிங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தார். சாப்பிட்ட பிறகு அவள் தூங்கிவிட்டாள். சட்டையை அவள் துவைக்க எடுத்துவிடுவாளே என்று பயந்து, ஸ்பிரிங்கைப் பர்ஸில் கம்பெனி அட்டைக்குப் பின்னால் மாற்றினார். திருட்டுச் சாமானை ஒளிப்பவன் கூட இவ்வளவு பதட்டப்படமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சகலை போன் செய்தார். "என்ன சகல, மறுபடி பிரிச்சுட்டீங்களாமே. இந்தத் தடவ அக்கா எத முழுங்கினாங்க?"

அவர் சிரித்தார். பழக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனில் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து, ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், சொல்ல வேண்டியதை உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்தார். 'இங்க பாரு, அந்த ஸ்பிரிங் கெடச்சிடுச்சு.' கெடச்சிடுச்சு என்றால் எங்கே என்பாள். 'ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கிச்சு.' ஸ்பிரிங்மேல் பழியைப் போடுவது மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனார். அவள் ஒரு மஞ்சள் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். "டீ இருக்கா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவள் ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கெழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஞாபகசக்திக்கு டெஸ்ட் எடுப்பாங்களாம். கீழ ரெண்டு வரி கூட இருக்கறவங்க எழுதணுமாம். எழுதிக் குடுங்க."

"எதுக்கு டெஸ்ட்டு?"

"எதுக்குன்னா? அம்மாவுக்கு முன்னாடியே பாத்திருந்தா மாத்திர குடுத்துத் தள்ளிப்போட்டிருக்கலாம்னு அப்ப சொன்னாங்கல்ல." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், வாடிக்கையாளரிடம் சொல்வது மாதிரி. "கடையிலயும் சொல்லிட்டேன். திங்கக்கெழமைலேந்து கவுன்ட்டருக்கு வேற ஒரு அம்மா வராங்க. நான் மாத்திரைய மாத்திக் குடுத்து யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அவர் ஃபாரத்தைப் பார்த்தார். அவள் கையெழுத்து எப்போதும் போல மணிமணியாக இருந்தது.

முதல் அறிகுறி: மேசையைத் துடைத்தபோது எஞ்சின் ஸ்பிரிங் ஒன்றைத் தொலைத்தேன். தொட்டதே நினைவில்லை.

முதலில் கவனித்தவர்: கணவர்.

பேனா பக்கத்திலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. பர்ஸை எடுத்தார். கம்பெனி அட்டையை உருவி, அதன் பின்னாலிருந்த ஸ்பிரிங்கை ஃபாரத்தின்மேல் வைத்தார். எழுந்து போய் அறையிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நீ எதையும் தொலைக்கல" என்றார். "ரெண்டு ஸ்பிரிங்கையும் ஒரே எடத்துல வெச்சுட்டேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காந்துக்கிச்சு. நான்தான் வெச்சேன்."

அவள் இரண்டையும் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றை இன்னொன்றின்மேல் வைத்து அமுக்கினாள். பொருந்தியது. பிரித்தாள். மறுபடி பொருத்தினாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"வெக்கும்போது தெரியலியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சரிபார்க்க வழியே இல்லை.

"அமுக்கினப்ப வெறைப்பா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"எப்ப பாத்தீங்க இத?"

"சனிக்கெழம."

"இன்னிக்குச் செவ்வா."

"ஆமா."

"கடையில நேத்துதான் சொன்னேன்" என்றாள் அவள். "வேற ஆள் பாத்துக்குங்கன்னு நேத்து சாயந்திரம்தான் சொன்னேன்."

அவர் அந்தக் கணக்கை அதுவரை போட்டுப் பார்க்கவில்லை. ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் ஸ்பிரிங்குகளை ஃபாரத்தின்மேல் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்திருக்கிறோமா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அணைத்துத்தான் இருந்தது.

"தங்கச்சிக்குப் போன் போடுங்க. எல்லாரும் கேக்கற மாதிரிப் போடுங்க."

போட்டார். தங்கை எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா."

"அவரும் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. ஏன்?"

சொன்னார். கோர்வையாக வரவில்லை. ஸ்பிரிங், வாசலின், பள்ளம் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சகலையின் குரல்.

"அப்ப அக்கா நிரபராதியா? கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சா சகல? நான் கூட காந்தத்தோட..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தங்கை.

மனைவி எதிரிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "இன்னொண்ணும் சொன்னீங்களே அன்னிக்கு. அதுவும் இவங்க முன்னாடிதான் சொன்னீங்க."

மாமியாருக்கு அவரும் எத்தனையோ நாள் கைப்பிடித்து நடை பழக்கியிருக்கிறார். அது இப்போது கைகொடுக்கவில்லை.

"உங்கம்மாவப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றார் போனைப் பார்த்து. "வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"நானும் சிரிச்சேன் மாமா" என்றாள் தங்கை. "அக்கா, நானும் சிரிச்சேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுலேந்து எனக்கு..." மனைவி, "சரி, அப்புறம் பேசறேன்டி" என்று அவளே போனை வைத்தாள்.

அவர் ஃபாரத்தை எடுத்துக் கிழிக்கப் போனார். அவள் கையை வைத்து அமுக்கினாள்.

"எதுக்குக் கிழிக்கறீங்க? வியாழக்கெழம நான் போறேன்."

"அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே."

"உங்களுக்கு ஆயிடுச்சு. ஒரு மாசமா ஒவ்வொண்ணா என்னை நானே சோதிச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். நேத்து ஒரு அம்மா பேரு மறந்துபோச்சு. எல்லாருக்கும் மறக்கறதுதானா, இல்ல அதுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயத்த உள்ள போட்டது நீங்க. இப்ப நீங்களே எடுத்துட்டேன்னா அது வந்துடுமா?"

வியாழக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். காரின் எஞ்சின் மகள் அறையில் இன்னும் துண்டு துண்டாகத்தான் கிடந்தது. கிளினிக்கில் நீல நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி, அதில் மீன் இல்லை. நர்ஸ் ஃபாரத்தோடு வந்தார். ஸ்பிரிங் விஷயத்தை மனைவி அடித்துவிட்டிருந்தாள். 'கணவர்' என்ற அடுத்த வரியை அப்படியே விட்டிருந்தாள்.

"சார், முதல்ல கவனிச்சது நீங்கதானா? எப்ப, எப்படின்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனிக்கலம்மா" என்றார் அவர். "நான் ஒரு எஞ்சின் ஸ்பிரிங்க தப்பா வெச்சுட்டு, அவங்க தொலைச்சாங்கன்னு சொன்னேன். அவங்க நம்பிட்டாங்க."

நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். "அப்ப இந்த எடத்துல என்ன சார் எழுதறது?"

"அவரு சொன்னதையே எழுதுங்க" என்றாள் மனைவி.

நர்ஸ் எழுதினார். இடம் போதாமல் ஓரத்தில் மேலே ஏறியது கையெழுத்து. பிறகு அவளை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாது போலிருந்தது. விரலளவு திறந்து நின்றது. இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, இந்தப் படத்தில் இருப்பது என்ன என்று கேள்விகள் காதில் விழுந்தன. அப்புறம் நர்ஸின் குரல்.

"நூறுலேந்து ஏழு ஏழா கொறச்சு சொல்லிக்கிட்டே வாங்கம்மா."

"தொண்ணூத்தி மூணு" என்றாள் அவள். "எம்பத்தாறு. எழுபத்தொம்போது."

அவரும் மனதுக்குள் கூடவே போனார். எழுபத்திரண்டு வரைக்கும் வந்தார். அறுபத்தைந்தா, அறுபத்துநாலா என்று நின்றுவிட்டார். அவள் குரல் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

"அம்பத்தெட்டு. அம்பத்தொண்ணு."

"போதும்மா, சரியா சொல்றீங்க."

"நாப்பத்திநாலு" என்றாள் அவள். "முப்பத்தேழு. முப்பது."

"போதும்மா."

"இருபத்திமூணு. பதினாறு." அவசரப்படாமல், மாத்திரை எண்ணிப் போடுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். "ஒம்போது. ரெண்டு."

பக்கத்து நாற்காலிக்காரர் அவர் பக்கம் திரும்பி, ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

டாக்டரையும் பார்த்துவிட்டு அவள் வெளியே வந்தாள். "ஒண்ணுமில்லயாம். நல்லாத் தூங்கச் சொன்னாங்க" என்று பையைத் தோளில் மாட்டினாள். "நான் கடைக்குப் போறேன். அந்தம்மா திங்கக்கெழம வர்றதுக்குள்ள ஓனர்கிட்ட பேசிடணும்."

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு?"

"நான் சொல்லணும்ல."

அவள் படியிறங்கினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் இரண்டு எட்டு பின்னாலேயே நடந்தார்.

கடையில் கூட்டமாக இருந்தது. ஓனரே கவுன்ட்டரில் நின்று, ஒரு சீட்டைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "வந்துட்டீங்களா, இது என்ன எழுத்துன்னு பாருங்க" என்று சீட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஓரமாக நகர்ந்து நின்று, புருஷனுக்கு வழிவிட்டாள்.

"கொஞ்சம் உள்ள போய்ப் பேசலாமா?" என்றார் அவர் ஓனரிடம்.

"இங்கயே சொல்லுங்க" என்றாள் அவள்.

ஓனருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன வேணும்?"

பின்னால் நாலைந்து பேர் சீட்டோடு நின்றார்கள். யாரோ இருமினார்கள்.

"ஒண்ணும் வேணாம்" என்றார் அவர். "எங்க வீட்ல ஒரு எஞ்சின் இருக்கு."

"சார், எனக்கு நேரமாகுது" என்றது வரிசையில் ஒரு குரல்.

"இருங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "முடிக்கட்டும்."